வெறுங்கீரையும் பெரும்பசியும்

எட்டியாந்தோட்டைப் பக்கத்து இறப்பர்த் தோட்டமொன்றிலே என் தாய்மாமன் முப்பத்தைந்து ஆண்டுகள் பால் வெட்டினார். பொழுது புலருமுன் எழுந்து, கத்தியும் வாளியுமாக மேடேறி, மரத்துக்கு மரம் சிரட்டை மாட்டி, உச்சிப்பொழுதுக்குள் பாலைச் சேர்த்து ஸ்டோருக்குச் சுமந்துவரும் தொழில் அது. அத்தொழிலுக்கு ஏற்ற சாப்பாடும் அவருக்கு இருந்தது. விடியற்காலையிலே விரற்கடைத் தடிப்பில் நான்கு ரொட்டி, தொட்டுக்கொள்ளக் கட்டைச்சம்பல், சீனி தூக்கலாக இரண்டு கோப்பை சாயத்தண்ணீர். மத்தியானம் ஒரு கோப்பைச் சோறு, மலைபோல. இரவில் மீண்டும் ரொட்டி. லயத்திலே அவரை யாரும் பெருந்தீனிக்காரர் என்று ஏசியதில்லை. "வேலைக்காரன் சாப்பிடுறான்" என்றே சொல்வார்கள்.

முழங்கால் தேய்ந்து அவர் வேலையை விட்டார். பசி அவரை விடவில்லை. இரண்டு ஆண்டு கழித்து, காலிலே பட்ட சிறு காயம் மாதக்கணக்காக ஆறாதபோது, மருந்துக் காம்பராவிலிருந்து நகரத்துக் கிளினிக்குக்கு அனுப்பினார்கள். நீரிழிவு என்று தெரிந்தது. வில்லைகளும் கொடுத்து, அச்சடித்த தாளொன்றும் கொடுத்தார்கள். தாளின் சாரம் இரண்டே வாக்கியம்: மாப்பொருளைக் குறைக்க வேண்டும்; காய்கறிகளை மிகுதியாக உண்ண வேண்டும்.

மாமி அத்தாளை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். கோவாவை வெட்டி உப்புப் போட்டு அவித்தார். போஞ்சியை அவித்தார். கீரையை அவித்துப் பிழிந்து வைத்தார். மாமன் மூன்று நாள் பொறுத்தார். நான்காம் நாள் நள்ளிரவிலே, அடுப்படியில் ஒளித்து வைத்த மூன்று ரொட்டியும் காணாமற் போயின.

பள்ளிக்கூட வாத்தியார் என்ற முறையிலே சமாதானம் பேச என்னை அழைத்தார்கள். நானும் போய், திருக்குறளின் மருந்து அதிகாரத்தை விரித்தேன். பசித்தபின் அளவறிந்து உண்ணவேண்டும், மிகையாக உண்பவனை நோய் விடாது என்றெல்லாம் எடுத்துரைத்தேன். மாமன் முழுவதையும் கேட்டார். பிறகு சொன்னார்:

"மருமகனே, எழுபத்து நாலுல எனக்குப் பதிமூணு வயசு. மாவு இல்ல, அரிசி இல்ல. எங்க அம்மா காட்டுக் கீரையப் புடுங்கி வெறுந்தண்ணியில அவிச்சுக் குடுத்திச்சு. தேங்காயும் இல்ல, உப்பும் சில நாள் இல்ல. என் தங்கச்சி அதத் தின்னுட்டுத்தான் செத்திச்சு. அந்த வாசம் இந்தக் கோப்பையில அடிக்குது. நான் எப்படித் தின்ன?"

எனக்கு மறுமொழி இல்லை.

இளந்தலைமுறை மாணவர்களுக்காக இங்கே சிறிது வரலாறு சொல்லவேண்டும். ரொட்டி நம்மவர் தமிழகத்திலிருந்து கொண்டுவந்த உணவன்று. கோதுமை இந்தத் தீவிலே விளைவதுமில்லை. பர்மாவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் கப்பலேறி வந்த அரிசியே தோட்டங்களைத் தாங்கியது. 1942இல் ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியபோது அந்த வழி அடைபட்டது. பங்கீட்டிலே கோதுமை மா வந்தது. போர் முடிந்தது, மா போகவில்லை. கறி இல்லாமலும் தின்னலாம், துணியில் முடிந்து மலைக்குக் கொண்டுபோகலாம், உச்சி வெயில் வரை கெடாது, ஒன்று தின்றாலும் வயிறு கனக்கும். இத்தனை நற்குணமுள்ள பண்டத்தை உழைப்பாளி எப்படிக் கைவிடுவான்? அந்த மாவும் 1973, 1974ஆம் ஆண்டுகளிலே அருகிப்போனது. உலகச் சந்தையில் தானிய விலை ஏற, அரசாங்கம் பங்கீட்டை வெட்டியது. வயலோ கொல்லையோ சொந்தமில்லாத தோட்ட மக்கள் பட்டினியால் மாண்டார்கள். பலர் லயங்களை விட்டு நகரத் தெருக்களுக்குப் பிச்சைக்குப் போனார்கள். என் மாமன் ரொட்டியை இறுக்கிப் பிடித்ததும், வெறுங்கீரையைக் கண்டு முகம் திருப்பியதும் நாவின் செல்லமென்று நினைத்த எனக்கு அன்று வெட்கமாகிவிட்டது.

ஆனால் கால் புண் இந்த வரலாற்றைக் கேட்டு ஆறிவிடாது. நூறு கிராம் கோதுமை மாவிலே ஏறக்குறைய எழுபத்தைந்து கிராம் மாப்பொருள்தான். மாமனுடைய ரொட்டி ஒன்றுக்கு அவ்வளவு மா செல்லும். காலை வேளைக்கு மட்டுமே முந்நூறு கிராம், சீனி வேறு. மேடேறி உழைக்கும் உடம்பு அதை எரித்துவிடும். திண்ணையில் அமர்ந்திருக்கும் உடம்பிலே அது இரத்தத்தில் சர்க்கரையாய் நின்றுவிடும். ஆகவே ரொட்டி குறையவேண்டும் என்பதிலே ஐயமில்லை. அதைக் குறைத்த இடத்திலே எதை வைப்பது என்பதே கேள்வி. தாள் அந்த இடத்தை வெறுங்காய்கறிக்குக் கொடுத்தது. பெரும்பசிக்காரனுக்கு அது போதாது. வயிற்றிலே நின்று பசியை அடக்குபவை புரதமும் கொழுப்பும் நார்ப்பொருளுமாகும். அவை சேராத வெறும் அவியலைத் தின்றவனுக்கு இரண்டு மணி நேரத்திலே ரொட்டி நினைவு வருவது இயற்கை.

இந்த வழியை முதலிலே ஊரறியச் செய்தவர் வில்லியம் பாண்டிங் என்ற இலண்டன் நகரத்துச் சவப்பெட்டி வணிகர். தம் காலணியைக் குனிந்து கட்ட முடியாத அளவு பருத்திருந்த அவருக்கு, ஹார்வி என்ற மருத்துவர் ரொட்டி, சீனி, உருளைக்கிழங்கு, பியர் முதலியவற்றை விலக்கி, இறைச்சியும் மீனும் வயிறார உண்ணச் சொன்னார். ஓராண்டளவில் 46 இறாத்தல் குறைந்தது. 1863இல் அவர் அதைச் சிறுநூலாக எழுதி வெளியிட்டார். பாண்டிங் துரை பட்டினி கிடக்கவில்லை. நாளுக்கு நான்கு வேளை உண்டார். ஆனால் ஆட்டிறைச்சியும் திராட்சை மதுவும் வாங்க அவரிடம் பணம் இருந்தது. நம் லயத்து அடுப்புக்கு அந்த வழியை எப்படித் திருப்புவது?

திருப்பிக் காட்டியவர் என் மாமிதான். துணை நின்றவர் அயற்கிராமத்துச் சிங்களப் பெண்மணி ஒருவர். கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களிலே தோட்டமும் கிராமமும் நுகநுனி போல ஒட்டிக் கிடப்பதை வாசகர் அறிவர். அவ்வம்மையார் ஒருநாள் தம் வேலியோரத்துப் பிஞ்சுப் பலா ஒன்றைக் கொண்டுவந்து, 'பொலொஸ்' சமைக்கும் முறையைச் சொல்லிக் கொடுத்தார். கையிலே தேங்காயெண்ணெய் பூசிக்கொண்டு, தோலைத் தடிப்பாகச் சீவி, பிசினைக் கழுவி, பெருந்துண்டமாக வெட்ட வேண்டும். வறுத்த தூள், மிளகாய், மஞ்சள், பூண்டு, கறுவா, ரம்பை, கொறக்காய் சேர்த்துத் தேங்காய்ப்பாலிலே மண்சட்டியில் ஏற்றவேண்டும். பிறகு சிறு தணலிலே மணிக்கணக்காகக் கிடக்கவேண்டும். இறப்பர் விறகுக்கு அங்கே பஞ்சமில்லை. துண்டங்கள் செம்பழுப்பாகி, நாராய் இழைபிரிந்து வரும். மாமன் அன்று ஒரு துண்டத்தைக் கடித்துவிட்டு, "இது என்னா எறச்சி?" என்று கேட்டார். மாமி பதில் சொல்லாமல் இன்னும் இரண்டு கரண்டி போட்டார்.

பலாவிலே பருவம் அறிந்து உண்பது முக்கியம். பிஞ்சிலே மாப்பொருள் குறைவு. முற்றிய காயாகிய 'கொஸ்'ஸிலும் அதன் கொட்டையிலும் அது மிகுதி, பழத்திலே சர்க்கரை. இந்தத் தீவிலே வேலிதோறும் பலா நிற்பதற்கு ஓரளவு காரணமானவர் பாணந்துறை ஆர்தர் வீ. டயஸ். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலே பலாக்கன்று நடும் இயக்கம் நடத்தியதனாலே 'கொஸ் மாமா' என்று பெயர் பெற்றவர். மாமன்மாருக்கும் பலாவுக்கும் ஏதோ பூர்வஜன்மத் தொடர்பு போலும்!

தாளிலிருந்த 'காய்கறி' என்ற சொல்லாலே விளைந்த வேறொரு குழப்பமும் இருந்தது. ஈரப்பலாக்காயும் காய், மரவள்ளியும் கொல்லையிலே விளைவது, ஆகவே அவை நல்லவை என்று மாமி கருதியிருந்தார். மாப்பொருட் கணக்கிலே அவை சோற்றின் உடன்பிறப்புகள். குரக்கன் மாவை நீரிழிவுக்காரர் அளவின்றித் தின்னலாம் என்ற நம்பிக்கையும் பிழை, அதுவும் தானியமே. பருப்பிலே பாதிக்கு மேல் மாப்பொருள். அதிலே புரதமும் நாரும் உண்டு என்பதனால் ஓரகப்பை கொள்ளலாம். ஒரு சட்டி அன்று.

பொலொஸ் வென்றபின் மாமிக்குச் சூட்சுமம் பிடிபட்டது. முருங்கையிலையைத் தனியே வைத்தால் மாமன் தள்ளுவார். இரண்டு முட்டையை அடித்து, வெங்காயமும் பச்சை மிளகாயும் முருங்கையிலையும் வாரிப் போட்டுப் பொரித்தால் தட்டு துடைத்ததுபோல் இருக்கும். ஒரு முட்டையிலே ஆறு கிராமளவு புரதம். மாப்பொருளோ ஒரு கிராமும் இல்லை. வல்லாரையைப் பச்சையாகவே மயிரிழையாய் அரிந்து, துருவிய தேங்காய், மாசி, எலுமிச்சம்புளி சேர்த்துப் பிசைந்தார். கீரை என்றால் தள்ளியவர் சம்பல் என்றதும் கை நீட்டினார். வாழைப்பூவுக்கு நெத்தலி, கொஹிலத் தண்டுக்குத் தேங்காய்ப்பால், பாவற்காய் மொறுமொறுப்பாகப் பொரித்து வெங்காயத்துடன் கலந்தது. ரொட்டி அடியோடு ஒழியவில்லை. நான்கு இருந்த இடத்தில் ஒன்று. அதிலும் பாதி தேங்காய்ப்பூ. மத்தியானச் சோறு ஒரு கைப்பிடி. அதைச் சுற்றிக் கறி மலை. முன்பு சோற்று மலையைச் சுற்றிக் கறி பொட்டு வைத்திருந்தது.

கருவாட்டையும் நெத்தலியையும் வெந்நீரில் ஊறவைத்து உப்பைக் கழிக்கவேண்டும். இரத்த அழுத்தம் உள்ள வீட்டில் இது கட்டாயம். சிறுநீரகம் தளர்ந்தவர் புரதத்தைக் கூட்டுமுன் வைத்தியரைக் கேட்கவேண்டும்.

இதனினும் பெரிய ஆபத்து ஒன்றை நாங்கள் அனுபவித்தே கற்றோம். புதிய சாப்பாடு தொடங்கிய இரண்டாம் வாரம், ஒரு பிற்பகலிலே மாமனுக்கு உடல் வியர்த்துக் கை நடுங்கியது, பேச்சுக் குழறியது. மாரடைப்பு என்று லயமே கூடிவிட்டது. மாமி மட்டும் நிதானமாகச் சீனித்தண்ணீர் கரைத்துப் புகட்டினார். கால் மணியிலே தெளிந்தார். மாப்பொருளைக் குறைத்த நாங்கள் வில்லையைப் பழைய அளவிலேயே கொடுத்து வந்தோம். இரத்தச் சர்க்கரை மட்டுமீறி இறங்கிவிட்டது. இன்சுலின் ஏற்றுபவரும், கிளிக்ளசைட் போன்ற வில்லை விழுங்குபவரும் வைத்தியரிடம் சொல்லாமல் சாப்பாட்டை மாற்றுவது இவ்வாறு உயிராபத்தாகலாம். மறுநாட் காலையிலேயே கிளினிக்குக்குப் போனோம். வைத்தியர் ஏசவில்லை. என்ன சாப்பிடுகிறார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டு, வில்லையைப் பாதியாக்கினார். பொலொஸ் என்றதும் சிரித்து, தமக்கும் அதுவே பிரியம் என்றார்.

விலையைப் பற்றிப் பேசாமல் இவ்விஷயம் முடியாது. ஒரு கிலோ மா ஒரு குடும்பத்தின் வயிற்றை ஒரு நாள் நிரப்பும். அதே பணத்துக்கு வாங்கும் முட்டைகள் நிரப்புமா? தோட்டத்து நாட்சம்பளம் 1000 ரூபா ஆவதற்கு நெடுங்காலம் போராடி, 2021இல்தான் அது கிட்டியது. அடுத்த ஆண்டே நாடு நெருக்கடியில் விழுந்து, அந்த மாவும் பன்மடங்கு விலையேறியது. 2016ஆம் ஆண்டின் மக்கட்தொகை, சுகாதார ஆய்வு, தோட்டத்துறையிலே ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 31.7 பேர் வயதுக்கேற்ற உயரமின்றி இருப்பதைக் காட்டிற்று. நாட்டுச் சராசரியோ 17.3. பேரப்பிள்ளைக்குப் புரதம் போதாத வீட்டிலே பாட்டனுக்கு மாப்பொருள் மிஞ்சுகிறது. இரண்டும் ஒரே சட்டியிலிருந்து விளைந்தவை. என் மாமி இதற்குக் கண்ட வழி நான்கு கோழி. லயத்துக் கொல்லையிலே அவற்றை அடைக்கக் கூடு போட அனுமதி கேட்டு அலைந்தது தனிக்கதை. முட்டை பேரன்மாருக்கும் போகிறது. பெரிய பங்கு யாருக்கு என்பதில் மாமனுக்கும் சின்னவனுக்கும் நாள்தோறும் வழக்கு.

காலிலிருந்த புண் ஆறிவிட்டது. சர்க்கரை முற்றிலும் அடங்கவில்லை. விசேஷ வீடுகளுக்குப் போய்வந்த மாதங்களிலே ஏறும், பிறகு இறங்கும். போன மாதம் நான் போயிருந்தபோது மாமன் தாமே பலாமரத்தடியில் நின்று, எந்தப் பிஞ்சு எத்தனை நாளிலே பதமாகும் என்று எனக்குப் பாடம் நடத்தினார். இரவுச் சாப்பாட்டிலே ஐந்து வகைக் கறி இருந்தது. எல்லாவற்றிலும் தேங்காயோ நெத்தலியோ முட்டையோ ஏதோவொன்று கலந்திருந்தது. வெறுங்கீரை மட்டும் இன்றுவரை அந்த அடுப்பில் மீண்டும் ஏறவில்லை.