அப்பாவுக்குச் சாலை, மகனுக்கு அபராதம்

புனேயில் கார்வே சாலை உண்டு, கார்வே நகர் உண்டு. இரண்டும் தோண்டோ கேசவ் கார்வேயின் பெயரில் அமைந்தவை. கைம்பெண்களுக்கு இல்லம் அமைத்தவர். 1916-ல் பெண்களுக்கென்றே பல்கலைக்கழகம் தொடங்கியவர். 1958-ல் பாரத ரத்னா பெற்றவர். அவருடைய மகன் ரகுநாத் கார்வேயை அதே ஊர் வேறு விதமாக நடத்தியது. 1931-ல் புனேயின் ஆசாரவாதிகள் கொடுத்த புகாரில்தான் அவர் கைதானார். ஆபாசம் என்பது குற்றச்சாட்டு.

ரகுநாத் மும்பையில் கணிதப் பேராசிரியராக இருந்தவர். 1921-ல் அங்கே குடும்பக் கட்டுப்பாட்டு மையம் திறந்தார். அந்தப் பணியால் கல்லூரி வேலை போயிற்று. 1927 முதல் 1953-ல் இறக்கும் வரை 'சமாஜ் ஸ்வாஸ்த்ய' என்ற மராத்தி மாத இதழை நடத்தினார். உடலைப் பற்றி யாரிடமும் கேட்க முடியாத ஐயங்களை வாசகர்கள் எழுதி அனுப்புவார்கள். அவர் ஒளிவுமறைவில்லாமல் பதில் எழுதுவார். சுய இன்பம், தன்பாலின ஈர்ப்பு பற்றிய அப்படிப்பட்ட பதில்களுக்காக 1934-ல் மீண்டும் வழக்கு. அவருக்காக வாதாடியவர் அம்பேத்கர். பாலியலைப் பற்றி எழுதுவதெல்லாம் ஆபாசமாகிவிடாது, வாசகர் கேட்டால் பதில் சொல்லத்தான் வேண்டும் என்றார். வழக்கில் ரகுநாத் தோற்றார், இருநூறு ரூபாய் அபராதம்.

எழுபது ஆண்டுக்கு மேல் கழித்து, எய்ட்ஸ் அச்சம் இந்தப் பேச்சைப் பள்ளிக்குள் கொண்டுவந்தது. அப்படி வந்த மத்திய அரசின் வளரிளம் பருவக் கல்வித் திட்டத்தை 2007-ல் மகாராஷ்டிரம் நிறுத்தியது. கர்நாடகம், குஜராத் உட்பட வேறு சில மாநிலங்களும் நிறுத்தின. பாடப் படங்கள் பண்பாட்டுக்குப் பொருந்தாது என்றார்கள். நோயைத் தடுக்கும் பாடமாக வந்ததும் ஒரு குறைதான் என்பது என் எண்ணம்: வளரும் உடலைப் பிள்ளைகள் முதலில் ஆபத்தாகவே சந்தித்தார்கள்.

இன்று புனேயில் ரகுநாத்தின் பெயரை மதிப்போடு சொல்கிறார்கள். அமோல் பாலேகர் அவரைப் பற்றித் திரைப்படம் எடுத்தார். புனே நாடகக்காரர் அதுல் பேட்டே அந்த வழக்குகளையே மேடையேற்றினார். ததாபி போன்ற புனே அமைப்புகள் உடல் அறிவைப் பிள்ளைகளிடமும் ஆசிரியர்களிடமும் கொண்டுபோகின்றன. பள்ளிகளில் 'நல்ல தொடுதல், கெட்ட தொடுதல்' சொல்லித் தருவதைப் பெற்றோரே வரவேற்கிறார்கள். ஆனால் விருப்பம், ஈர்ப்பு, சம்மதம் என்று பேச்சு நகர்ந்ததும் அந்த வரவேற்பு வற்றிவிடுகிறது. குழந்தையைக் காக்க வேண்டும் என்பதில் எல்லோரும் ஒன்றுபட்டுவிட்டோம். குழந்தைக்குத் தெரிய வேண்டும் என்பதில் இன்னும் ஒன்றுபடவில்லை.

2012-ல் குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் வந்தது. 2024 செப்டம்பரில், அந்தச் சட்டத்தின் கீழான வழக்கு ஒன்றில் சென்னை உயர்நீதிமன்றத் தீர்ப்பை ரத்து செய்த உச்சநீதிமன்றம், பாலியல் கல்வி மேற்கத்தியச் சரக்கு என்ற எண்ணம் தவறு என்று சொல்லி, முழுமையான பாடத்திட்டத்தைப் பரிசீலிக்கும்படி மத்திய அரசைக் கேட்டுக்கொண்டது. போக்சோ சட்டத்தின் கீழ் புகார் சொல்ல வரும் பிள்ளை, தன் உடலில் எங்கே என்ன நடந்தது என்று தன் வாயால் சொல்லியாக வேண்டும். அதற்கான சொற்களை வகுப்பறையில் கொடுக்காமல், விசாரணை அறையில் எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறோம்.