நெய்வேலியில் நல்ல ஓட்டலைக் கண்டுபிடிப்பது எப்படி?
போர்டைப் பார்க்காதீங்க, பந்தியைப் பாருங்க!

பகல் 1 மணி. நெய்வேலி பஸ் நிலையம். பண்ருட்டி பஸ்சிலிருந்து இறங்குகிறார் ஒரு பெரியவர். தோளில் துண்டு, கையில் எவர்சில்வர் தூக்கு. ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் மகளைப் பார்க்க வந்தவர். பசி காதை அடைக்கிறது.

"தம்பி, இங்க நல்ல ஓட்டல் எதுப்பா?"

ஒருவர் பஜார் பக்கம் கையைக் காட்டுகிறார். இன்னொருவர், "மந்தாரக்குப்பம் போயிடுங்க பெரியவரே" என்கிறார். மூன்றாமவர், "வடலூர் போனா காசே வேண்டாம், வயிறு நிறைய சாப்பிடலாம்" என்கிறார்.

மூன்று பேர் சொன்னதும் நிஜம்தான். ஆனால் பெரியவருக்குத் தலை சுற்றுகிறது. வெளியூரிலிருந்து நெய்வேலிக்கு வருகிறவர்கள் பலருக்கும் இதே அவஸ்தைதான்.

கம்பெனி கட்டிய ஊர்

மற்ற ஊர்களில் முதலில் சந்தை கூடும். பிறகு சத்திரம் வரும். பின்னாலேயே டீக்கடை, கிளப் கடை எல்லாம் தானாக முளைக்கும். நெய்வேலி அப்படி வளர்ந்த ஊர் அல்ல. பழுப்பு நிலக்கரிக்காக 1956-ல் நிறுவனம் தொடங்கினார்கள். 1957-ல் சுரங்கம் தோண்டும் வேலையைப் பிரதமர் நேரு தொடங்கி வைத்தார். வட்டம் வட்டமாகக் குவார்ட்டர்ஸ் எழுந்தது. 2016-ல் நிறுவனத்தின் பெயர் என்.எல்.சி. இந்தியா என்று மாறியது. ஜனங்கள் வாயில் இன்றைக்கும் அது வெறும் 'என்.எல்.சி.'தான்.

டவுன்ஷிப் நிலம் நிறுவனத்தின் நிலம். நினைத்த மூலையில் கீற்றுக் கொட்டகை போட்டு அடுப்பு மூட்ட முடியாது. அதனால்தான் உள்ளே ஓட்டல்கள் பஜார்களை ஒட்டியே இருக்கும். வாசலைத் தாண்டி மந்தாரக்குப்பம், இந்திரா நகர் பக்கம் போனால் மெஸ், புரோட்டா கடை, பிரியாணி கடை என்று வரிசை கட்டி நிற்கும்.

கேரளம், ஆந்திரம், வடநாடு என்று பல ஊர்க்காரர்கள் வேலைக்கு வந்து குடியேறிய ஊர் இது. இட்லிக்கும் ஆள் உண்டு, சப்பாத்திக்கும் ஆள் உண்டு!

ஷிப்டுதான் கடிகாரம்

இங்கே ருசிக்கு ஒரு நேரம் உண்டு. அந்த நேரம் ஷிப்டைப் பொறுத்தது. சுரங்கமும் அனல்மின் நிலையமும் இரவு பகலாக ஓடுகின்றன. நைட் ஷிப்ட் முடித்து வருகிறவருக்குக் காலையில் சுடச்சுட இட்லி வேண்டும். பகல் ஷிப்ட் முடித்து வருகிறவருக்குச் சாப்பாடு வேண்டும். ஷிப்ட் விடுகிற நேரத்தில் கடைக்குப் போனால் அடுப்பிலிருந்து இறக்கியது இலைக்கு வரும். கூட்டம் போனபிறகு 4 மணிக்குப் போய் உட்கார்ந்தால்? சாம்பாரில் வெந்நீர் கலந்திருக்கும். பொரியல் பாத்திரத்தைச் சுரண்டுவார்கள்!

ஆகவே போர்டைப் பார்க்காதீர்கள். உள்ளே யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். ஹெல்மெட்டைப் பெஞ்சு மேல் வைத்துவிட்டு நாலு தொழிலாளிகள் சாப்பிடுகிறார்களா? சர்வர் அவர்களிடம், "என்னண்ணே, நேத்து ஆளைக் காணோம்?" என்று விசாரிக்கிறாரா? தைரியமாக உட்காருங்கள். தினமும் வருகிற முகத்தைக் கடைக்காரர் ஏமாற்ற மாட்டார். இன்று ஊசிப்போன சட்னியை வைத்தால், நாளைக்கு அந்த ஷிப்ட் ஆட்கள் மொத்தப் பேரும் அடுத்த கடையில் இருப்பார்கள்.

நிரந்தரத் தொழிலாளிக்குக் கேண்டீன் உண்டு, வீட்டுச் சமையலும் உண்டு. ஒப்பந்தத் தொழிலாளிக்கும், ஆஸ்பத்திரியில் துணைக்கு இருப்பவருக்கும் பல நாள் கடைச் சாப்பாடுதான் கதி. வயிறு கெட்டால் அவர் ஒரு நாள் கூலியை இழக்கிறார். நல்ல ஓட்டல் என்பது அவர்களுக்கு நாக்கு சமாசாரம் மட்டும் அல்ல!

ரோட்டோரம் உஷார்

கும்பகோணம் நெடுஞ்சாலையில் கணக்கே வேறு. அங்கே வருகிறவர் ஒரு முறை வந்து போகிறவர். மறுபடி வருவாரா என்கிற கவலை கடைக்காரருக்கு இல்லை. "பஸ் நிற்குதே, நல்ல கடையாத்தான் இருக்கும்" என்று நினைக்காதீர்கள். பல இடங்களில் பஸ்சை நிறுத்துகிற டிரைவர், கண்டக்டருக்குச் சாப்பாடு இலவசம். காசு கொடுப்பது நீங்கள்தான்! லாரி நிற்கிற கடையைப் பாருங்கள். லாரி டிரைவர் சொந்தக் காசில் சாப்பிடுகிறவர். ருசி இல்லாவிட்டால் வண்டியை நிறுத்த மாட்டார்.

பித்தளை டபராவை அடுக்கி வைத்த 'டிகிரி காபி' கடைகளும் இந்த ரோட்டில் உண்டு. டபரா பளபளப்பது பெரிதில்லை. டிக்காஷன் புதிதா என்று கேட்டு வாங்குங்கள்.

இந்த வட்டாரத்துக்கென்று ருசி உண்டு. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும். சிதம்பரத்தில் கத்தரிக்காய் கொத்சு. கடலூரில் கடல் மீன். சேத்தியாத்தோப்பு தாண்டினால் வீராணத்து ஏரி மீன். எந்தக் கடையிலும், "இன்னிக்கு என்ன வந்திருக்கு?" என்று முதலில் கேளுங்கள். அன்று வந்ததைச் சாப்பிடுகிறவருக்கு நஷ்டம் இல்லை.

பில்லையும் பாருங்க

உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண்ணைக் கடையில் எல்லோர் கண்ணிலும் படும்படி வைக்க வேண்டும். அது இல்லாவிட்டால் கேளுங்கள்.

வடைச் சட்டி எண்ணெய் கன்னங்கரேல் என்று நுரைத்தால் திரும்பி நடந்துவிடுங்கள். திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெய்க்கு 2018 ஜூலை முதல் தேதியிலிருந்து கட்டுப்பாடு உண்டு. பஜ்ஜியை நியூஸ் பேப்பரில் மடித்துக் கொடுத்தால் வாங்காதீர்கள். அச்சு மை வயிற்றுக்கு ஆகாது. (எங்கள் பேப்பராக இருந்தாலும்தான்!)

சாதாரண ஓட்டலில் ஜி.எஸ்.டி. 5 சதவீதம். ஜி.எஸ்.டி. எண்ணே இல்லாத கடை வரி என்று ஒரு பைசா வாங்கக் கூடாது. 'சர்வீஸ் சார்ஜ்' என்று தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது என்று 2022-லேயே மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் சொல்லிவிட்டது. 2025 மார்ச்சில் டெல்லி ஐகோர்ட்டும் அதை உறுதி செய்தது.

பார்சல் வாங்குகிறவர்கள் தூக்கு எடுத்துப் போங்கள். கொதிக்கும் சாம்பாரைப் பிளாஸ்டிக் பையில் ஊற்றி வாங்குவது வம்பை விலைக்கு வாங்குவது. அந்தப் பைகளுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் தேதியிலிருந்தே தடை.

கல்லா இல்லாத பந்தி

கடைசியாக, மூன்றாமவர் சொன்ன வடலூர். நெய்வேலிக்குப் பக்கத்து ஊர். வள்ளலார் 1867 மே 23-ந் தேதி அங்கே சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையாமல் எரிகிறது. அனல்மின் நிலையம் வருவதற்குப் பல காலம் முன்பே இந்த வட்டாரத்தில் இரவு பகலாக எரிந்த நெருப்பு அதுதான்! யார், எந்த ஊர், என்ன ஜாதி என்ற கேள்வி கிடையாது. பில் கிடையாது. பசி ஒன்றே டோக்கன்.

கையில் காசில்லாமல் அலைகிறவருக்கு வழி சொல்வதானால் முதலில் வடலூரைச் சொல்லுங்கள். காசு இருப்பவர் அங்கே சாப்பிட்டால் போகும்போது ஒரு படி அரிசிக்காவது கொடுத்துவிட்டுப் போகலாம்.

நம்ம பெரியவர்? ஆஸ்பத்திரியில் பார்வையாளர் நேரம் தவறிவிடுமே என்று பஸ் நிலையத்துக்குப் பக்கத்திலேயே, ஹெல்மெட்டுகள் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு சின்ன மெஸ்சுக்குள் நுழைந்தார். சாப்பிட்டார். தூக்கை நீட்டி மகளுக்கு ரசம் சாதம் கேட்டார்.

"ஆஸ்பத்திரிக்கா பெரியவரே? காரம் இல்லாம தர்றேன்" என்றார் சர்வர்.

அதுதான் நல்ல ஓட்டல்!