மோட்டாரை நேரா போர்டுல மாட்டாதீங்க!

உங்க வீட்டுப் பிள்ளை பள்ளிக் கண்காட்சிக்குக் குட்டி ரோபோ செய்யப் போகிறதா? திருவாலங்காடு போன்ற ஊர்களில் அதற்கான பொருளை ஆன்லைனில்தான் பலரும் வாங்குகிறோம். போர்டு புகைந்துவிட்டால் காசும் போச்சு, அடுத்த பார்சல் வரும்வரை வேலையும் நின்று போச்சு. இதைத் தவிர்க்க ஒரு விஷயம் தெரிந்தால் போதும்.

போர்டு மூளை மட்டும்தான்

ஆர்டுயினோ, 2005-ல் இத்தாலியின் இவ்ரியா நகரில் மாணவர்களுக்காக உருவானது. இதன் ஊனோ போர்டில் இருப்பது ஒரு மைக்ரோகன்ட்ரோலர், அதாவது குட்டிக் கணினி. நாம் எழுதி ஏற்றும் நிரலை, மின்சாரம் இருக்கும்வரை திரும்பத் திரும்பச் செய்துகொண்டே இருக்கும்.

ஆனால் அதன் ஒரு பின்னிலிருந்து 20 மில்லி ஆம்பியர் அளவுக்குத்தான் பாதுகாப்பாக எடுக்கலாம். சின்ன கியர் மோட்டார் கிளம்பும்போதே பல நூறு மில்லி ஆம்பியர் இழுக்கும். நேராக மாட்டினால் சிப் தாங்காது. அதனால் நடுவில் எல்298என் போன்ற மோட்டார் டிரைவர் கட்டாயம் வேண்டும். உத்தரவு போர்டிலிருந்து வரும்; சக்தி பேட்டரியிலிருந்து டிரைவர் வழியாகப் போகும்.

இணைக்கும்போது கவனிக்க

• போர்டு, டிரைவர், பேட்டரி மூன்றின் கிரவுண்டும் ஒன்றாக இணைய வேண்டும். இல்லாவிட்டால் உத்தரவு சரியாகப் போய்ச் சேராது.
• சின்ன 9 வோல்ட் சதுர பேட்டரி மோட்டாருக்குத் தாங்காது.
• பிளஸ், மைனஸ் பார்த்த பிறகே பேட்டரியை மாட்டுங்கள். லித்தியம் பேட்டரி என்றால் பெரியவர்கள் பக்கத்தில் இருக்கட்டும்.
• முதலில் ஒரு மோட்டாரை மட்டும் சுழற்றிப் பாருங்கள். பிறகு சென்சாரை மாட்டலாம்.

அல்ட்ராசோனிக் சென்சார் ஒலியை அனுப்பி, அது திரும்பி வரும் நேரத்தைத் தரும். சுவர் 20 செ.மீ. தூரத்தில் இருந்தால் சுமார் 1,170 மைக்ரோ நொடி. அதற்கும் குறைந்தால் 'நில், திரும்பு' என்று நிரலில் எழுதினால் ரோபோ மோதாது.

அடுத்து எங்கே?

சென்சாரைப் பார், முடிவெடு, மோட்டாரை இயக்கு. தொழிற்சாலைத் தானியங்கி இயந்திரங்களிலும் இதே வரிசைதான். அங்கே பெரும்பாலும் பிஎல்சி எனும் கட்டுப்பாட்டுக் கருவி இருக்கும். கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் வேலை தேடப் போகும் பிள்ளைக்கு இந்தப் பழக்கம் கைகொடுக்கும்.

அடல் டிங்கரிங் லேப் உள்ள பள்ளிகளில் 6 முதல் 12-ம் வகுப்பு வரை படிப்பவர்கள் அங்கேயே பழகலாம். பத்தாம் வகுப்புக்குப் பிறகு ஐடிஐ இருக்கிறது. தமிழ்நாட்டில் 71 அரசு ஐடிஐக்களில், டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்துடன் இணைந்து தொழில் 4.0 தொழில்நுட்ப மையங்கள் அமைக்கும் திட்டம் கொண்டுவரப்பட்டது. ரோபோட்டிக்ஸ் பயிற்சியும் இதில் உண்டு. சேர்க்கைக்கு வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறையின் இணையதளத்தில், போனிலிருந்தே விண்ணப்பிக்கலாம். சேரும்போது புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் ரூ.1,000 பெறத் தகுதி உண்டா என்பதையும் மறக்காமல் கேளுங்கள்.