புரதம்: யாருக்கு எவ்வளவு தேவை?

கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது பகுதிகளில் தங்கியுள்ள இடம்பெயர்ந்த விவசாயக் குடும்பங்கள் எம்மிடம் அடிக்கடி எழுப்பும் கேள்வி ஒன்று உண்டு: "பிள்ளை மெலிந்துகொண்டே போகிறது. கடையில் விற்கும் புரத மாப் பேணி ஒன்றை வாங்கிக் கொடுக்கலாமா?"

சொந்தக் காணியில் இருந்த காலத்தில் சேனைப் பயறும் கௌப்பியும், முற்றத்துக் கோழியின் முட்டையும் காசின்றிக் கிடைத்தன. இப்போது எல்லாவற்றுக்கும் காசு வேண்டும். ஆகவே கடன்பட்டு வாங்குவதற்கு முன் கணக்குப் பார்ப்போம்.

தேவை எவ்வளவு?

தசை, இரத்தம், தோல் ஆகியவற்றை வளர்க்கவும் பழுதுபார்க்கவும் புரதம் தேவை. உலக சுகாதார ஸ்தாபனம், உணவு விவசாய ஸ்தாபனம், ஐ.நா. பல்கலைக்கழகம் ஆகியன 2007இல் வெளியிட்ட அறிக்கையின்படி, வளர்ந்த ஒருவருக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் போதும். 50 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு இது ஏறத்தாழ 42 கிராம். ஒன்று முதல் மூன்று வயதுப் பிள்ளைக்குக் கிலோவுக்கு ஏறத்தாழ 1 கிராம் வேண்டும். கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் தாய்க்கு நாளொன்றுக்கு மேலதிகமாக 31 கிராமும், பாலூட்டும் முதல் ஆறு மாதங்களில் 19 கிராமும் தேவை.

சட்டியில் இருப்பது எவ்வளவு?

100 கிராம் அரிசியில் சுமார் 7 கிராம் புரதம் உண்டு. பருப்பு, பயறு, கௌப்பி ஆகியவற்றில் 100 கிராமுக்கு சுமார் 24 கிராம். பச்சை மீனில் 100 கிராமுக்கு சுமார் 20 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம்.

அந்தப் பெண் ஒரு நாளில் 350 கிராம் அரிசி, 50 கிராம் பருப்பு, ஒரு முட்டை உண்டால் 24, 12, 6 என 42 கிராம் கிடைத்துவிடுகிறது. அரிசியில் குறைவான சத்தைப் பருப்பு நிறைவு செய்கிறது. முட்டைக்கு வழியில்லாத நாளில் ஒரு பிடி நெத்தலிக் கருவாடு அந்த இடத்தை நிரப்பும். நோன்புக் கஞ்சியிலும் ஒரு பிடி பயறு சேர்க்கலாம்.

ஆனால் வயிறு நிறையச் சோறு இல்லாதபோது, உண்ட புரதத்தை உடல் விறகாக எரித்துவிடுகிறது. அந்நிலையில் விலையுயர்ந்த மாவும் வீணே. முதலில் சோறு, அதனோடு பருப்பு அல்லது மீன் என்பதே ஒழுங்கு.

திரிபோஷா யாருக்கு?

1973இல் ஆரம்பிக்கப்பட்ட திரிபோஷா, சோளமும் சோயாவும் சேர்ந்த மா. கர்ப்பிணிகளுக்கும், பாலூட்டும் தாய்மாருக்கும், எடை குறைந்த சிறு பிள்ளைகளுக்கும் கிளினிக்கில் இலவசமாக வழங்கப்படுவது. 750 கிராம் பைக்கற்றுகள் இரண்டு, நாளொன்றுக்கு 50 கிராம் வீதம் ஒருவருக்கு ஒரு மாதத்துக்கான பங்கு. அந்த 50 கிராமில் சுமார் 10 கிராம் புரதம் உண்டு. 10 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு ஒரு நாளில் வேண்டிய புரதம் கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

அதையே வீட்டிலுள்ள ஐந்து பேரும் பகிர்ந்தால் ஆளுக்கு 2 கிராம்தான், முட்டையில் மூன்றில் ஒரு பங்கு. பெரியவர்களின் பசியும் அடங்காது, பிள்ளையின் எடையும் ஏறாது. பகிர்ந்துண்பது நல்ல பண்புதான். எனினும் இந்தப் பைக்கற்றை, மருந்துப் போத்தலைப் போல, உரியவருக்கென்றே ஒதுக்கி வையுங்கள். கர்ப்பிணிக்குத் திரிபோஷாவின் 10 கிராமோடு 100 கிராம் மீனும் கிடைத்தால், கடைசி மாதங்களின் மேலதிகத் தேவை ஏறத்தாழ நிறைவுபெறும்.

கவனிக்க வேண்டியவை

ஆறு மாதம் நிறையாத குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டுமே. சிறுநீரக நோயாளர் வைத்தியரைக் கேளாமல் புரத மா எதையும் உட்கொள்ளக் கூடாது. நன்றாக உண்டும் பிள்ளையின் எடை ஏறாவிட்டால் பூச்சியோ வேறு நோயோ காரணமாகலாம். வளர்ச்சி அட்டையுடன் கிளினிக்குக்குச் செல்லுங்கள். இடம் மாறி வந்தவர்கள் இப்போது தங்கியிருக்கும் பகுதியின் குடும்பநல உத்தியோகத்தரிடம் பெயரைப் பதிவது அவசியம்.

எம் வீடுகளில் தாய் எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, மிஞ்சிய குழம்பைத் தொட்டுக்கொண்டு இறுதியில் உண்பது வழக்கம். கர்ப்பிணியும் பாலூட்டும் தாயும் உள்ள வீட்டில் இவ்வழக்கம் மாற வேண்டும். மீன் துண்டையும் முட்டையையும் முதலில் அவருக்கு எடுத்து வையுங்கள். இதற்கு மேலதிகமாக ஒரு சதமும் செலவாகாது.