சட்டைப் பை கேமராவில் இருட்டுப் படம் ஏன் புள்ளி புள்ளியாக விழுகிறது?

மங்கலான அறையில் பாட்டியைப் படமெடுக்கிறீர்கள். பின்சுவரில் சிவப்பும் பச்சையுமாகப் பொடிப்புள்ளிகள். எங்கிருந்து வந்தன?

தூறலின்போது மொட்டை மாடியில் இரண்டு டம்ளர்களை வையுங்கள். ஒன்றில் ஐந்து துளி விழும், மற்றதில் ஒன்பது. இரண்டு அண்டாக்களை வைத்தால்? ஏறக்குறைய ஒரே அளவு நீர்தான்.

ஒளியும் துளித்துளியாகத்தான் வருகிறது. அதைப் பிடிக்க சென்சாரில் கோடிக்கணக்கில் நுண்குழிகள் இருக்கின்றன. குழி சிறிதென்றால் பக்கத்துக் குழிகளுக்குள்ளேயே கணக்கு முன்பின்னாகும். வெளிச்சம் போதாமல் கேமரா ஐஎஸ்ஓவை (ஒளியுணர்திறனை)க் கூட்டும்போது அந்த ஏற்றத்தாழ்வும் சேர்ந்து பெருகுகிறது. நீங்கள் பார்த்த புள்ளிகள் அவைதான்.

சென்சார் பெரிதென்றால் குழிகளும் பெரிதாக இருக்க இடமுண்டு. ஆகவே கடையில் மெகாபிக்சலைவிட சென்சார் அளவை முதலில் கேளுங்கள். '1 இன்ச்' என்று விற்பது உண்மையில் 13.2 × 8.8 மி.மீ. தான்! 2019-இல் வந்த ரிக்கோ ஜிஆர் 3 சுமார் 257 கிராம் எடைதான், உள்ளே 23.5 × 15.6 மி.மீ. சென்சார். பரப்பில் மூன்று மடங்கு. ஆனால் ஜூம் கிடையாது, நடந்துபோய்த்தான் நெருங்க வேண்டும். தினமும் கையில் வைத்திருக்கும் கேமராவுக்கு அது நல்ல பேரம் என்பேன்.

சிறிய சென்சார்தான் இருக்கிறதா? டம்ளருக்குக் கூடுதல் நேரம் கொடுங்கள். முழங்கைகளை விலாவோடு ஒட்டி, மூச்சை மெல்ல விட்டபடி ஷட்டரை 1/15 நொடிக்கு இறக்கிப் பாருங்கள். ஆள் அசைந்தால் மட்டும் 1/60-க்குக் கீழே போகாதீர்கள்.