கருவுற்ற தாய்மாரும் புளூ ஊசியும்

ஆடி மாதத்தில் நமது சங்கத்திற்கு நூல் வாங்க வந்த முதிய அங்கத்தினர் ஒருவர், கணக்கு முடிந்த பின்னும் எழுந்து போகாமல் அமர்ந்திருந்தார். என்ன செய்தி என்று வினவினோம். "ஐயா, மருமகளுக்கு இது ஐந்தாம் மாதம். செங்கற்பட்டிலே டாக்டரம்மா புளூ ஊசி ஒன்று போட்டுக்கொள்ளச் சொல்கிறார்கள். ஊருக்கு வரும் நர்ஸம்மா ரணஜன்னி ஊசி இரண்டும் போட்டாயிற்று. அவர்கள் இதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. வீட்டிலோ, 'நான் நாலு பெற்றேன், எந்த ஊசியைக் கண்டேன்' என்கிறாள். நான்கைந்து நாள் தறியில் உட்கார்ந்தால் வரும் கூலி அந்த ஒரு ஊசிக்குப் போகிறது. போடலாமா, வேண்டாமா? சங்கத்தில் கேட்டுச் சொல்லுங்கள்" என்றார்.

உடனே விடை கூற நமக்குத் துணிவில்லை. வைத்தியம் நமது தொழில் அன்று. ஆயினும் இக்கேள்வி அவர் வீட்டோடு நிற்பதன்று; தறிக் குடும்பங்களிலும், மதுராந்தகம் ஏரிப் பாசனத்து உழவர் வீடுகளிலும், கோவளம் முதல் சதுரங்கப்பட்டினம் வரையுள்ள கடற்கரைக் குப்பங்களிலும் ஆண்டுதோறும் எழக்கூடியது. ஆதலின் மருத்துவர்கள் கூறுவனவற்றையும், அவர்கள் ஆதாரமாகக் கொள்ளும் ஆராய்ச்சிகளையும் கேட்டறிந்து இங்கு எழுதுகிறோம்.

முதலில் நோயைப் பற்றி ஒரு சொல். மூக்கொழுகித் தும்மல் வந்து மூன்று நாளில் போகும் ஜலதோஷம் வேறு. இன்புளூயன்ஸா எனப்படும் புளூ ஜுரம் வேறு. பின்னது திடீரென்று கடுங்காய்ச்சலோடும் உடல்வலியோடும் வறட்டு இருமலோடும் ஆளைப் படுக்கையில் தள்ளும். பெரும்பாலோர் ஒரு வாரத்தில் எழுந்துவிடுவர். சிலருக்கு அது நுரையீரலில் இறங்கிச் சளிச் சுரமாக மாறும். அந்தச் சிலருள் முன்வரிசையில் நிற்பவர் கருவுற்ற மாதர்.

இது இன்று நேற்றுக் கண்டறிந்ததன்று. 1918-இல் உலகெங்கும் பரவிய புளூ, பம்பாய்த் துறைமுகத்தின் வழியே நம் நாட்டில் நுழைந்து, ஒரு கோடிக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று. அவ்வாண்டில் அந்நோய் கண்ட கர்ப்பிணிகள் 1,350 பேரைப் பற்றி அமெரிக்காவில் ஒரு மருத்துவர் கணக்கெடுத்து 1919-இல் வெளியிட்டார். அவர்களுள் நூற்றுக்கு 27 பேர் இறந்திருந்தனர். 1957-இல் வந்த 'ஆசிய புளூ' நமக்கு இன்னும் அருகிலே தொடங்கியது. அவ்வாண்டு மே மாத நடுவில் சிங்கப்பூரிலிருந்து சென்னைத் துறைமுகத்துக்கு வந்த கப்பலோடுதான் அது இந்தியாவுக்குள் இறங்கியது. குன்னூர் பாஸ்டர் நிலையத்தார் அக்கிருமியை ஆராய்ந்தனர். 1958 பிப்ரவரிக்குள் நாடு முழுவதும் 44 லட்சத்திற்கு மேற்பட்டோர் நோயுற்றதாகவும், 1,098 பேர் இறந்ததாகவும் பதிவாயிற்று. பதிவாகாதவை எத்தனையோ! 2009-இல் எச்1என்1 என்னும் பன்றிக் காய்ச்சல் வந்தபோதும் அதே கதை. அமெரிக்க மக்களுள் கருவுற்றிருந்தோர் நூற்றுக்கு ஒருவரே. புளூவால் இறந்தோருள் அவர்கள் நூற்றுக்கு ஐவர்.

ஏன் இவ்வாறு? வயிறு பெருக்கப் பெருக்க மூச்சுப்பைக்குக் கீழுள்ள உதரவிதானம் மேலே தள்ளப்படுகிறது. மூச்சுக்கு இடம் குறைகிறது. அதே சமயம் தாயின் உடலுக்குத் தேவைப்படும் பிராணவாயுவோ முன்னினும் மிகுதி. இருதயம் மூன்றிலொரு பங்குக்கும் மேலாக அதிகம் உழைக்கிறது. வயிற்றிலுள்ள சிசுவைத் தள்ளிவிடாதபடி உடலின் காவல்முறைகளும் சற்று மாறி நிற்கின்றன. இந்நிலையில் நுரையீரலில் நோய் இறங்கினால் தாங்கும் வலிமை குறைவு. தாய்க்கு வரும் கடுஞ்சுரம் குறைமாதப் பிரசவத்திற்கும் இடமளிக்கலாம். நாலு பெற்ற அம்மையார் எந்த ஊசியையும் காணாமல் தப்பியது உண்மையே. மிகப் பலர் அவ்வாறு தப்பினர். தப்பாதவர்கள் இன்று திண்ணையில் அமர்ந்து கதை சொல்ல இல்லை என்பதையும் நினைக்க வேண்டும்.

இனி ஊசி. கருவுற்றோர்க்குப் போடுவது, கிருமியைக் கொன்று அதன் கூறுகளைக் கொண்டு செய்த மருந்து. அதில் உயிருள்ள கிருமி இல்லை. ஆகவே ஊசியால் புளூ வராது. மூக்கில் பீய்ச்சும் உயிர்க்கிருமி மருந்தும் ஒன்று உண்டு. அது கர்ப்பிணிகளுக்கு ஆகாது. கையில் போடும் ஊசி அரை மில்லிலிட்டர், ஒரே தடவை. காவல் பிறக்க இரண்டு வாரம் செல்லும். புளூக் கிருமி ஆண்டுக்காண்டு வேடம் மாற்றிக்கொள்வது. ஆதலின் உலக சுகாதார ஸ்தாபனம் ஆண்டில் இருமுறை, பிப்ரவரியிலும் செப்டம்பரிலும், அடுத்த பருவத்து மருந்தில் எவ்வெவ் வகைகள் இருக்க வேண்டும் என்று தீர்மானிக்கிறது. சென்ற ஆண்டு போட்ட ஊசி இந்த ஆண்டுக்குப் போதாது என்பதற்குக் காரணம் இதுவே. முதற்பிள்ளைக்குப் போட்டதைக் கணக்கில் வைத்து இரண்டாவதற்கு விட்டுவிடலாகாது.

பலன் எவ்வளவு? மிகைப்படுத்திச் சொல்ல நமக்கு விருப்பமில்லை. மருந்தும் அவ்வாண்டுக் கிருமியும் பொருந்தினால், பொதுமக்களுள் நோய் வரும் வாய்ப்பு நூற்றுக்கு 40 முதல் 60 வரை குறைகிறது. பொருந்தாவிடில் அதற்கும் கீழே. இதைக் கேட்டு, "பாதிக்குப் பாதிதானா?" என்று முகம் சுளிப்போர் உண்டு. ஆனால் கர்ப்பிணிக்குப் போடும் ஊசிக்கு மற்றொரு பயன் இருக்கிறது. நாம் அறிந்தவரையில் இவ்விஷயத்தில் மனத்தை மாற்றவல்லது அதுவே. ஆறு மாதம் நிறையாத குழந்தைக்குப் புளூ ஊசி கிடையாது. அந்த வயதில் அது பலன் தருவதில்லை. பச்சிளங் குழந்தையையோ இந்நோய் கடுமையாகத் தாக்கும். தாய் கருவுற்றிருக்கும்போது ஊசி போட்டுக்கொண்டால், அவள் உடலில் பிறக்கும் காவற்பொருள் தொப்புள்கொடி வழியே பிள்ளைக்குச் செல்கிறது. பிறந்தபின் சில மாதங்கள் அது பிள்ளையைக் காக்கிறது.

இதை முதலில் திட்டமாகக் காட்டியது நம் அண்டை நாடே. வங்காள தேசத்து டாக்கா நகரில் 340 தாய்மாரிடம் நடத்திய சோதனை 2008-இல் வெளியாயிற்று. கடைசி மூன்று மாதத்தில் புளூ ஊசி பெற்ற தாய்மாரின் குழந்தைகளுக்கு, பரிசோதனையில் உறுதியான புளூ நூற்றுக்கு 63 பங்கு குறைந்திருந்தது. பின்னர் நேபாளத்திலும் மாலியிலும் நடந்த பெரிய சோதனைகளில் இந்தக் குறைவு 30, 33 என்ற அளவே இருந்தது. தென்னாப்பிரிக்காவில் ஏறக்குறையப் பாதி. நேபாளத்தில் எடை குறைந்து பிறக்கும் குழந்தைகளும் ஓரளவு குறைந்தனர். எண்கள் இடத்துக்கு இடம் வேறுபட்டாலும் எல்லாம் ஒரே திசையைக் காட்டுகின்றன. பத்தில் மூன்று நோயைத் தடுத்தாலும், அந்த மூன்று வீடுகளில் தொட்டிலருகே விழித்திருந்தவர்களுக்கு அது சிறிதன்று.

"கரு கலைந்துவிடுமோ?" என்ற அச்சத்தை ஒதுக்கித் தள்ளாமல் விசாரித்தோம். 2017-இல் அமெரிக்காவில் ஓர் ஆராய்ச்சி அப்படி ஒரு ஐயத்தைக் கிளப்பியதுண்டு. அடுத்தடுத்து இரண்டு ஆண்டு ஊசி பெற்ற சிலரிடையே முதல் மாதங்களில் கருச்சிதைவு மிகுந்ததாக அது கூறியது. அதே ஆராய்ச்சியாளர்கள் மேலும் பல தாய்மாரை, மூன்று பருவங்கள் தொடர்ந்து பார்த்து 2019-இல் வெளியிட்ட முடிவில் அத்தகைய தொடர்பு காணப்படவில்லை. பிற நாடுகளில் செய்த ஆராய்ச்சிகளும் தீங்கைக் காட்டவில்லை. ஊசி போட்ட கை வலிக்கும். சிலருக்கு ஓரிரு நாள் சிறு காய்ச்சல் காணும். முன்பு புளூ ஊசியால் மூச்சுத் திணறல் போன்ற கடும் ஒவ்வாமை கண்டவர் போடலாகாது. அன்று கடுங்காய்ச்சலாக இருப்பவர் அது தணிந்த பின் போட்டுக்கொள்ளலாம். முட்டையால் உடம்புக்கு ஆகாதவர் அதை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

ஊசி என்றால் யார் சொன்னாலும் கண்ணை மூடிக்கொண்டு நம்புவதா என்று கேட்பவர்களுக்கு, நம் மாவட்டத்துப் பழைய நிகழ்ச்சி ஒன்றை நினைவூட்டலாம். 1968-இல், அப்போது செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்திருந்த திருவள்ளூர்ப் பகுதியில், காசநோய்க்கான பி.சி.ஜி. ஊசியைப் பற்றி ஒரு மாபெரும் சோதனை தொடங்கியது. சுமார் மூன்றரை லட்சம் மக்கள் வாழும் கிராமங்களும் பட்டணங்களும் அதில் சேர்ந்தன. பதினைந்து ஆண்டு பின்தொடர்ந்து பார்த்ததில், பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசத்தை அந்த ஊசி தடுக்கவில்லை என்று தெரிந்தது. நடத்தியவர்கள் அதை மறைக்காமல் உலகறிய வெளியிட்டனர். இன்றும் மருத்துவ நூல்களில் 'செங்கற்பட்டுச் சோதனை' என்றே அது பேசப்படுகிறது. குழந்தைகளுக்கு வரும் மூளைக் காசம் போன்ற கொடிய வகைகளைத் தடுப்பதால் பிறந்தவுடன் பி.சி.ஜி. போடும் வழக்கம் மட்டும் நிலைத்தது. எந்த ஊசி எதைத் தடுக்கும், எதைத் தடுக்காது என்று ஆளெண்ணிப் பார்த்தே சொல்கிறார்கள் என்பதற்கு நம் மண்ணிலேயே சான்று இருக்கிறது. புளூ ஊசியும் அவ்விதம் எண்ணிப் பார்க்கப்பட்டதே.

அப்படியானால் ஊர் நர்ஸம்மா ஏன் சொல்லவில்லை? அவர் மேல் குற்றமில்லை. தேசியத் தடுப்பூசிப் பட்டியலில் கர்ப்பிணிகளுக்கு இருப்பது ரணஜன்னிக்கும் தொண்டை அடைப்பானுக்கும் உரிய ஊசி. அது அரசாங்கச் செலவில் வீடு தேடி வருகிறது. புளூ ஊசி அப்பட்டியலில் சேரவில்லை. ஆயினும் மத்திய சுகாதார அமைச்சகத்தின் வழிகாட்டுதல் கர்ப்பிணிகளுக்கு, எத்தனையாவது மாதமாயினும், அதைச் சிபாரிசு செய்கிறது. உலக சுகாதார ஸ்தாபனம் 2012-இல் அவர்களை முதலிடத்தில் வைத்தது. மகாராஷ்டிர அரசு 2015 முதல் கர்ப்பிணிகளுக்கு இலவசமாக அளித்து வந்திருக்கிறது. நல்லதென்று சொல்லப்படுவதும் விலை கொடுத்தே பெற வேண்டியதுமாகிய ஒன்று, கூலிக்கு உழைப்பவர் வீட்டில் எளிதில் நழுவிப்போகும். ரணஜன்னி ஊசி போட்டாயிற்றே என்று இதை விடுவதும், இதைப் போட்டதால் அதை விடுவதும் இரண்டும் பிழை.

காலத்தைப் பற்றி நம் பக்கத்துக்கென்று ஒரு குறிப்பு வேண்டும். வட இந்தியாவில் பல இடங்களில் புளூ ஆனி, ஆடி மழையோடு தலையெடுக்கிறது. சென்னையை ஒட்டிய நம் கரையிலோ ஐப்பசி, கார்த்திகை அடைமழைக் காலத்தில் மிகுவதாகக் கண்டிருக்கிறார்கள். தறிக்குழியில் ஈரம் ஊறி, எல்லோரும் ஒரே கூரையடியில் கதவடைத்து முடங்கும் நாட்கள் அவை. அதற்கடுத்த மார்கழி, தை மாதங்களில் மேல்நாட்டுப் பயணிகள் மாமல்லபுரத்தில் திரளுகின்றனர். அவர்கள் நாட்டில் அது புளூப் பருவம். கடற்கரைக் கோயிலருகே சங்குமணி விற்கும் பெண்கள் அவர்களோடு நாளெல்லாம் முகத்துக்கு முகம் நின்று பேரம் பேசுகிறார்கள். ஆகவே புரட்டாசிக்குள் போட்டுக்கொள்வது நமக்குப் பொருந்தும். தவறினால் மழை தொடங்கிய பின்னும் போடலாம். பிரசவத்துக்கு இரண்டு வாரமேனும் முன்னதாக அமைவது நலம்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. டாக்டர்கள் இதை எண்ணிப் பார்த்தார்களோ என்னவோ! ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்ததும் பெண் தாய்வீடு போகிறாள். புகுந்த வீட்டார், "சம்பந்தி வீட்டில் பார்த்துக்கொள்வார்கள்" என்றிருப்பர். தாய்வீட்டார், "அங்கேயே எல்லாம் போட்டிருப்பார்கள்" என்றிருப்பர். ஊசி நடுவழியில் நின்றுவிடும். வளைகாப்புக்கு முன்பே போட்டு, தாய்-சேய் அட்டையில் தேதியோடு எழுதி வாங்கிக்கொண்டால் இந்தக் குழப்பம் இல்லை.

ஊசி போட்டாலும் போடாவிட்டாலும் மற்றொன்றைக் குடும்பத்தார் அறிந்திருக்க வேண்டும். கர்ப்பிணிக்கு இருமலோடு கடுங்காய்ச்சல் கண்டால் கஷாயம் வைத்துப் பார்த்துக்கொண்டு நாளைக் கடத்தலாகாது. ஒசெல்டமிவிர் என்னும் மருந்து இரண்டு நாளுக்குள் தொடங்கினால் நன்கு வேலை செய்யும். கருவுற்றோர்க்கும் அதைக் கொடுக்கிறார்கள். மூச்சுத் திணறல், நெஞ்சுவலி, சிசுவின் அசைவு குறைதல் ஆகியவை கண்டால் இரவென்றும் பாராமல் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

செலவைப் பற்றி அங்கத்தினர் கேட்டது நியாயமே. தனியார் மருத்துவமனையில் இந்த ஊசி ஆயிரம் ரூபாய்க்கு மேலாகிறது. ஒரு வீட்டுக்கு அது பாரம்; சங்கத்துக்கு அவ்வளவு பாரமன்று. நம் அங்கத்தினர் குடும்பங்களில் இப்போது கருவுற்றிருப்போர் எத்தனை பேர் என்று கணக்கெடுத்து, ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவ அதிகாரியைக் கலந்து, அரசாங்கத்தின் வழியே கிடைக்குமா என முதலில் விசாரிக்கலாம். கிடையாதெனில் பொதுநல நிதியிலிருந்து ஒரு பகுதியை ஒதுக்கும்படி பொதுப்பேரவையில் தீர்மானம் கொண்டுவர எண்ணுகிறோம். மருந்து எப்போதும் 2 முதல் 8 டிகிரிக் குளிர்ச்சியில் இருக்க வேண்டியதாகையால், வாங்கிச் சங்க அலுவலகத்தில் வைத்துக்கொள்ளும் யோசனை ஆகாது. போடும் இடத்திலேயே பணம் கட்டுவதுதான் முறை.

நம்மிடம் வினவிய பெரியவரின் மருமகளுக்கு மார்கழியில் பிரசவம் என்று கணக்கு. அவரிடம் நாம் கூறியது இதுதான்: "எங்கள் வீட்டுப் பெண்ணாயிருந்தால் போட்டுக்கொள்ளச் சொல்வோம். ஆனால் கை அவளுடையது, அவளையும் கேளுங்கள்." அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அவளை யாரும் கேட்கவில்லைதான்" என்று சொல்லி நூல் மூட்டையை எடுத்துக்கொண்டார். ஆவணியில் நடக்கவிருக்கும் பொதுப்பேரவைக்கு, வீட்டில் கருவுற்ற பெண்கள் உள்ள அங்கத்தினர்கள் பிரசவ மாதத்தைக் காரியதரிசியிடம் முன்கூட்டியே எழுதிக் கொடுக்கக் கோருகிறோம்.