காசு செலவில்லை... ஜிம் வேண்டாம்... ஏலத்தோட்ட தொழிலாளர்களின் முதுகு வலி, மன பாரம் குறைக்கும் செல்போன் உடற்பயிற்சி!

போடி:

தேனி மாவட்டம் போடி அருகே மலை அடிவாரத்தில் உள்ளது பொட்டிபுரம். நியூட்ரினோ ஆய்வு மைய பிரச்சினையால் நாடு முழுக்க பேசப்பட்ட ஊர். ஆனால் இந்த வட்டார ஜனங்களின் தினசரி பிரச்சினை வேறு. விடியும் முன்பே ஜீப் ஏறி, போடிமெட்டு மலைப்பாதையில் 17 கொண்டை ஊசி வளைவுகளை தாண்டி, கேரள மாநிலம் இடுக்கி மாவட்ட ஏலத்தோட்டங்களுக்கு கூலி வேலைக்கு போகிறவர்கள் ஏராளம்.

2020-ம் ஆண்டு மார்ச் 25-ந்தேதி கொரோனா ஊரடங்கு வந்தது. எல்லை மூடப்பட்டது. ஜீப்கள் நின்றன. பிறகும் பல மாதம் இ-பாஸ் இல்லாமல் மலை ஏற முடியவில்லை. தினமும் ஓடியாடி உழைத்த உடம்பு திடீரென்று வீட்டுக்குள் முடங்கியது. கையில காசு இல்லை, கண்ணுல தூக்கம் இல்லை என்ற நிலை.

தூரத்தில் இருந்து பயிற்சி

அந்த நேரத்தில்தான் தூரத்தில் இருந்தபடியே உடற்பயிற்சி சொல்லிக் கொடுக்கும் முறை வேகமாக பரவியது. 2020 ஜூன் 21-ந்தேதி சர்வதேச யோகா தினம், "வீட்டிலேயே யோகா, குடும்பத்தோடு யோகா" என்று அறிவிக்கப்பட்டு டி.வி.யில் ஒளிபரப்பானது. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையும் நோயாளிகளுக்கு வீடியோ மூலம் யோகா பயிற்சி அளித்தது.

இது புது விஷயம் இல்லை. ஜப்பானில் 1928-ம் ஆண்டிலேயே ரேடியோவில் உடற்பயிற்சி தொடங்கிவிட்டது. 2-ம் உலகப்போருக்கு பின் நின்று, 1951-ல் மறுபடி ஆரம்பமானது. பியானோ இசைக்கு ஏற்ப 3 நிமிட பயிற்சி, அவ்வளவுதான். இன்றும் காலை 6.30 மணிக்கு தாத்தா, பாட்டிகள்கூட அதை கேட்டு கை, காலை அசைக்கிறார்கள்.

நாள் பூரா உழைக்கிறோமே?

"காட்டுல நாள் பூரா குனிஞ்சு நிமிர்றோம், இதுக்கு மேல என்னத்துக்கு எக்சர்சைஸ்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான்.

ஏலக்காய், செடியின் அடித்தூரில் தரையை ஒட்டி காய்க்கும். அதை எடுக்க குனிந்தபடியோ, குத்த வைத்தோ மணிக்கணக்கில் இருக்க வேண்டும். அதே முதுகு, அதே முழங்கால், அதே தோள்பட்டைக்குத்தான் மொத்த வேலையும். ஓய்வு கிடையாது. போக வர ஜீப் குலுக்கல் வேறு. இதுவும் உடல் உழைப்புதான், இல்லை என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் உடற்பயிற்சி என்பது இதற்கு நேர் எதிர். குனிந்த முதுகை பின்னால் நிமிர்த்துவது, மடங்கிய காலை நீட்டுவது, இறுகிய மூச்சை நிதானப்படுத்துவது.

வேலை இல்லாத நாட்களில் நடைப்பயிற்சியும் வேண்டும். வாரத்துக்கு குறைந்தது 150 நிமிடம் மிதமான உடல் உழைப்பு தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனம். தொடர்ந்து செய்தால் மனச்சோர்வு, பதற்றம் குறையும் என்றும் அது கூறுகிறது.

எளிய 5 பயிற்சிகள்

1. தோள்பட்டையை முன்னும் பின்னும் 10 முறை மெதுவாக சுழற்ற வேண்டும்.

2. நின்றபடி இடுப்பில் கை வைத்து, வலி வராத அளவுக்கு பின்னால் சாய வேண்டும். 5 முறை.

3. பாயில் மல்லாந்து படுத்து, ஒவ்வொரு முழங்காலாக நெஞ்சை நோக்கி இழுக்க வேண்டும்.

4. சுவரை பிடித்துக்கொண்டு குதிகாலை 10 முறை உயர்த்தி இறக்க வேண்டும்.

5. மனசுக்குள் 4 எண்ணி மூச்சை இழுத்து, 6 எண்ணி விட வேண்டும். 5 நிமிடம்.

மொத்தம் கால் மணி நேரம்கூட ஆகாது.

ஸ்மார்ட்போன் இல்லையா?

ஒரு வீட்டில் போன் இருந்தால் போதும். மகளிர் குழு பெண்கள் 5 பேர் சேர்ந்து பார்த்து செய்யலாம். மலையில் சிக்னல் சரியாக இருக்காது என்பதால், ஊரில் இருக்கும்போதே வீடியோவை பதிவிறக்கி வைப்பது நல்லது. சேர்ந்து செய்தால் பயிற்சி விட்டுப்போகாது. நாலு வார்த்தை மனசு விட்டுப் பேசவும் வாய்ப்பு கிடைக்கும்.

உஷார்! இலவச பயிற்சி என்று சொல்லி ஓ.டி.பி. கேட்டால் கொடுக்காதீர்கள். பணம் பறிபோனால் உடனே 1930-க்கு புகார் செய்யலாம்.

யார் செய்யக்கூடாது?

கர்ப்பிணிகள், ஆபரேஷன் செய்தவர்கள், இதய நோய், ரத்த அழுத்தம் உள்ளவர்கள் டாக்டரை கேட்காமல் தொடங்கக்கூடாது. இடுப்பில் இருந்து காலுக்கு வலி இறங்கி மரத்துப்போனால், வீடியோவை நம்பாமல் அரசு ஆஸ்பத்திரிக்கு போக வேண்டும். பயிற்சியின்போது நெஞ்சு வலி, மூச்சுத்திணறல் வந்தால் நிறுத்திவிட்டு 108-ஐ அழைக்க வேண்டும். பக்கவாதம் போன்ற பாதிப்பால் நடமாட முடியாதவர்களுக்கு, 2021 ஆகஸ்டு 5-ந்தேதி தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை அளிக்கப்படுகிறது.

கடன் கவலைக்கு?

உடற்பயிற்சி செய்தால் வாரத்தவணை அடையாது. கூலியும் கூடாது. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ராத்திரி தூக்கம் வந்தால்தான் காலையில் தெளிவாக யோசிக்க முடியும். மது பக்கம் போகாமல் இருக்கவும் உதவும்.

2 வாரத்துக்கு மேல் தூக்கம் இல்லை, எதிலும் நாட்டம் இல்லை, வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் வருகிறது என்றால், பயிற்சி மட்டும் போதாது. 14416 என்ற எண்ணில் 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட இந்த மனநல சேவைக்கு கட்டணம் இல்லை. சாதாரண பட்டன் போனில் இருந்தே அழைக்கலாம். வீட்டில் யாராவது இப்படி பேசினால் திட்டாமல், பக்கத்தில் உட்கார்ந்து நீங்களே போன் போட்டுக் கொடுங்கள்.